இன்டர்வியூவுக்குக் கிளீனராகப் போனவன்

போன வருடம் ஐப்பசி மாதம். அத்திப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டு. அதன் அலுவலக மாடியில் ஏ.சி. போட்ட ஒரு சின்ன அறையில் அன்று நாங்கள் நான்கு பேர் இருந்தோம். கேள்வி கேட்க மூன்று பேர்: வேலைக்கு ஆள் எடுக்கும் மேடம், யார்டு மேனேஜர், கணக்குப் பிரிவிலிருந்து வந்து கடைசிவரை வாயே திறக்காத ஒருவர். பதில் சொல்ல நான். அங்கே இல்லாதவர், டிரைலர் ஓட்டும் அண்ணன் ஒருவர். அவர் கீழே, வண்டிகள் வெளியே போகும் கேட்டில், டிரைலரை ஓரம் கட்டிவிட்டு எனக்காக நின்றுகொண்டிருந்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் எழுந்திருக்கவில்லை. அதைத்தான் எழுதப் போகிறேன்.

எங்கள் வீடு எர்ணாவூரில், குடியிருப்பு வாரியக் கட்டிடத்தில். அப்பா தண்டையார்பேட்டை கிடங்குகளில் மூட்டை தூக்குகிறார். அம்மா காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுக்கிறார். இருவரும் பள்ளிக்கூடப் படி ஏறியதில்லை. ஆறாம் வகுப்பிலிருந்தே வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் படித்துச் சொல்வது நான்தான். பி.காம். முடித்து ஒன்றரை வருடம் சரியான வேலை கிடைக்கவில்லை. கூரியர், டைல்ஸ் கடை, சாப்பாடு டெலிவரி என்று ஓடிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் இந்த யார்டிலிருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே வரும் வண்டி, வெளியே போகும் வண்டி எல்லாவற்றையும் கேட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. மாதம் பதினேழாயிரம், பி.எஃப். உண்டு. அப்பா இரண்டு நாளாக, "உக்காந்து செய்ற வேலை தான?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

முந்தைய நாள் ராத்திரி முழுக்க மழை. காலையில் சாலையில் தண்ணீர் நின்றது. இன்டர்வியூ பத்தரை மணிக்கு. எட்டேகால் மணியிலிருந்து பஸ் ஸ்டாப்பில் நின்றேன். பஸ் வரவில்லை. டிரைலர்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துகொண்டிருந்தன. ஷேர் ஆட்டோக்காரர்கள் அந்தப் பக்கம் வர மாட்டேன் என்றார்கள். ஒன்பது மணிக்கு ஒரு டிரைலர் என் முன்னால் நின்றது. எங்கள் கட்டிடத்தில் இரண்டாவது மாடியில் இருக்கும் அண்ணன். வயது முப்பத்தைந்து இருக்கும்.

"இன்னா மாமு, மாப்ள கணக்கா நின்னுகினு கீற? பொண்ணு பாக்கப் போறியா?"

இடத்தைச் சொன்னேன்.

"அட, நானும் அங்கதாம்பா போய்கினு கீறேன். காலி கன்டெய்னர் பொட்டி எறக்கணும். ஏறு."

ஏறினேன். வண்டி ஊர்ந்துதான் போனது. யார்டுக்கு முன்னால் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. எங்கள் முறை வருவதற்குள் மணி பத்தேகால் ஆகிவிட்டது. வண்டிகள் உள்ளே போகும் கேட் அங்கே இருந்தது. பார்வையாளர்கள் போகும் கேட் யார்டின் பின்பக்கம். சுற்றிக்கொண்டு போக ஒரு கிலோமீட்டர் இருக்கும். அந்த வழி முழுக்க முழங்கால் அளவு தண்ணீர், அதுவும் சாக்கடை கலந்தது. நான் இஸ்திரி போட்ட பேன்ட்டையும் புது ஷூவையும் பார்த்தேன். அண்ணனும் பார்த்தார்.

"இதுல நடந்து போனீன்னா கலீஜாயிடுவ. என் வண்டியிலயே உள்ள வந்துடு. கிளீனர்னு எழுதிக்கலாம். பொட்டி எறக்க எப்டியும் மூணு மணி நேரம் ஆவும். நீ பேசி முடிச்சுட்டு வந்து ஏறிக்கோ. ஒண்ணா வெளிய போய்டலாம்."

எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. இப்போது பாதி டிரைலர்களில் கிளீனரே கிடையாது. டிரைவர் பக்கத்து சீட் காலியாகத்தான் போகும். யாராவது தெரிந்தவர் அந்தக் கம்பெனிக்கோ இந்த யார்டுக்கோ போக வேண்டியிருந்தால், கிளீனர் என்று எழுதிவிட்டு ஏற்றிக்கொண்டு போவார்கள். என் மாமாவே அப்படிப் போய் வந்திருக்கிறார். இதில் ஒரே ஒரு விஷயம்தான். வண்டியோடு இரண்டு பேர் உள்ளே போனதாக எழுதினால், இரண்டு பேரும் அதே வண்டியில்தான் வெளியே வர வேண்டும். ஆள் குறைந்தால் வண்டியை விட மாட்டார்கள். அது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். அந்த வேலைக்குத்தானே போய்க்கொண்டிருந்தேன்!

யோசித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். உடனே சரி என்றேன்.

கேட்டில் இருந்த செக்யூரிட்டிக்கு ஐம்பது வயது இருக்கும். என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

"இவன் கிளீனரா? ஷூவப் பாரு. இவன் வண்டி தொடைப்பானா, வண்டி இவனத் தொடைக்குமா?"

"எங்க கிளீனரு ஸ்டைலா தான் சார் கீவாரு" என்றார் அண்ணன்.

"கையில இன்னா பைலு?"

"வண்டி பேப்பரு சார்."

அந்த ஃபைலுக்குள் என் பி.காம். சர்டிபிகேட் இருந்தது. செக்யூரிட்டி சிரித்துக்கொண்டே பெரிய நோட்டை நீட்டினார். பெயர் எழுதினேன். ஆட்கள் என்ற கட்டத்தில் அவரே இரண்டு என்று போட்டார். அதற்கு நேராக என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

உள்ளே போனதும் அண்ணன் தன்னிடமிருந்த இன்னொரு ஆரஞ்சு கோட்டையும் ஹெல்மெட்டையும் கொடுத்தார். அது இல்லாமல் யார்டில் நடக்க முடியாது. "போன ஆன்ல வெச்சுக்கோ. முடிஞ்சா நானே கூப்புடுறேன்" என்றார். அலுவலகப் படிக்கட்டுக்குக் கீழே கோட்டையும் ஹெல்மெட்டையும் மறைத்து வைத்துவிட்டு மேலே போனேன். வரவேற்பில் இருந்த பெண் பட்டியலில் என் பெயரைப் பார்த்தார். "விசிட்டர் டேக் எங்க?" என்று கேட்டார். "கேட்ல தரலைங்க" என்றேன். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. அங்கே ஏற்கெனவே ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் கழுத்திலும் நீலக் கயிற்றில் டேக் தொங்கியது. அவர்களுடைய பேன்ட் எல்லாம் முழங்கால்வரை நனைந்திருந்தது. ஒருவர் கைக்குட்டையால் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் பேன்ட் மட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தது. உண்மையைச் சொன்னால், அப்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பத்து ஐம்பத்தைந்துக்கு அண்ணனிடமிருந்து முதல் போன் வந்தது. வராந்தாவுக்குப் போய் எடுத்தேன்.

"மாமு, இன்னிக்கு இன்னா அதிசயமோ, கிரேன் காலியா இருந்துச்சு. இருபது நிமிசத்துல பொட்டிய எறக்கிட்டான். நான் அவுட் கேட்டுல கீறேன். உன்ன இன்னும் கூப்புடலையா?"

"இல்லண்ணா. எனக்கு முன்னாடி ரெண்டு பேர் இருக்காங்க."

"பன்னெண்டு மணிக்கு மணலி கம்பெனில லோடு ஏத்த நிக்கணும்பா. சீக்கிரம் பாரு."

"பாக்குறேண்ணா" என்றேன். எதைப் பார்ப்பேன்? என் கையில் எதுவும் இல்லை. அவர் சமாளித்துக்கொள்வார் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். திரும்ப வந்து உட்கார்ந்து, மனப்பாடம் செய்த ஆங்கில வாக்கியங்களை மனதுக்குள் ஓட்டினேன். யூடியூப்பில் பார்த்து எழுதிய பதினான்கு வாக்கியங்கள்.

பதினொன்றே கால் மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். போனை வைப்ரேஷனில் போட்டுப் பேன்ட் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். மேடம் ஆங்கிலத்தில் என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார். ஆறு வாக்கியம் சரியாக வந்தது. அந்த நேரம் பார்த்துப் பையில் போன் அதிர்ந்தது. ஏழாவது வாக்கியம் போன இடம் தெரியவில்லை. ஆறாவதையே மறுபடி சொன்னேன். போன் மறுபடி அதிர்ந்தது. நானும் ஆறாவதை மூன்றாவது முறை சொன்னேன்.

"உங்க ஹாபி கிரிக்கெட்டுன்னு எங்களுக்குப் புரிஞ்சிடுச்சு தம்பி" என்றார் யார்டு மேனேஜர். "மீதியத் தமிழ்லயே சொல்லுங்க."

மேடம் சிரித்தார். எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. தமிழில் சொன்னேன். "வீட்டுல நீங்கதான் முதல் பட்டதாரியா?" என்று மேடம் கேட்டார். "பள்ளிக்கூடம் போனதே நான்தான் மேடம் முதல்ல" என்றேன். அவர் தலையை ஆட்டி ஏதோ எழுதிக்கொண்டார். அது நல்லதாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

போன் விடாமல் அதிர்ந்துகொண்டே இருந்தது. அமைதியான அறை, அந்தச் சத்தம் நன்றாகவே கேட்டது. "ஏதாவது அவசரமா? எடுத்துப் பேசணுமா?" என்று மேடம் கேட்டார்.

"இல்ல மேடம். சிம் கம்பெனி கால்" என்று சொல்லிவிட்டுப் பைக்குள் கையை விட்டுப் போனை அணைத்தேன்.

அங்கே எழுந்திருக்க வேண்டியது. எழுந்திருக்கவில்லை.

ஐந்து நிமிடம் இருக்கும். கதவைத் தட்டிவிட்டு ஒரு செக்யூரிட்டி தலையை நீட்டினார். நல்லவேளை, காலையில் பார்த்தவர் இல்லை. வேறு ஆள்.

"சார், அவுட் கேட்டுல ஒரு டிரைலரு நிக்குது. ரெண்டு பேர்னு என்ட்ரி கீது, டிரைவரு மட்டும்தான் கீறாரு. கிளீனர் பையன் பாத்ரூமுக்குப் போயிருக்கான்னு சொல்றாரு. அரை மணி நேரமா சொல்லிகினே கீறாரு சார். இந்தப் பக்கம் யாராவது வந்தாங்களா?"

"இங்க இன்டர்வியூ நடக்குது. கிளீனருக்கு இங்க என்ன வேலை?" என்றார் மேடம். கதவு மூடியது.

அண்ணன் நினைத்திருந்தால், "என்கூட வந்தவன் மாடியில இன்டர்வியூல கீறான்" என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். சொன்னால் என் வேலை போய்விடும் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் பாத்ரூம் கதை.

யார்டு மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "நல்லதாப் போச்சு. இதையே கேக்குறேன். நீங்க கேட்ல உக்காந்திருக்கீங்க. உள்ள வரும்போது ரெண்டு பேர். வெளிய போகும்போது ஒருத்தர்தான் இருக்கார். டிரைவர் அவசரம்னு சொல்றார். வண்டிய விடுவீங்களா?"

"விடமாட்டேன் சார்."

"ஏன்?"

"உள்ள இருக்கிறவர் எங்க இருக்கார்னு தெரியாது சார். கன்டெய்னருக்கு நடுவுல அடிபட்டுக்கூடக் கிடக்கலாம். திருட வந்தவராக்கூட இருக்கலாம். ஆள் வர்ற வரைக்கும் வண்டிய ஓரமா நிறுத்தி வைக்கணும்."

"டிரைவர் கெஞ்சினா?"

"கெஞ்சினாலும் விடக் கூடாது சார். அவர் கூட்டிட்டு வந்த ஆளுக்கு அவர்தான் பொறுப்பு."

இந்தக் கடைசி வரியை நான்தான் சொன்னேன். யாரும் சொல்லச் சொல்லவில்லை. மேனேஜர் மேடத்தைப் பார்த்துத் தலையசைத்தார். அதற்குமுன் வந்த யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை என்றார். எப்போது சேர முடியும் என்று கேட்டார். நாளைக்கே என்றேன். ஷிப்ட் நேரம், சம்பளத் தேதி எல்லாம் மேடம் விளக்க ஆரம்பித்தார். அப்பாவிடம் போய் என்ன சொல்வது என்றுகூட மனதுக்குள் ஒரு பக்கம் ஓடியது.

நானே எழுந்து நின்று, "அந்தக் கிளீனர் நான்தான்" என்று சொன்னதாக இங்கே எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை.

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அதே செக்யூரிட்டி மறுபடி வந்தார். இந்த முறை அந்தப் பெரிய நோட்டையே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். மைக்கில் பெயரைச் சொல்லிக் கூப்பிட மேனேஜரின் அனுமதி வேண்டுமாம். "பேரு இதுதான் சார்" என்று சொல்லி விரலை வைத்துப் படித்தார்.

மேடம் தன் கையில் இருந்த என் விண்ணப்பத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். செக்யூரிட்டி நோட்டை மேசையில் வைத்தார். விண்ணப்பத்தின் கீழே இருந்த கையெழுத்தும் நோட்டில் இருந்த கையெழுத்தும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன.

"நான்தான் சார்" என்றேன்.

என்ன நடந்தது என்று சொன்னேன். தண்ணீர், பின்பக்கத்துக் கேட், ஷூ. சொல்லச் சொல்ல எனக்கே அற்பமாக இருந்தது. அதே தண்ணீரில்தான் மற்ற ஏழு பேரும் நடந்து வந்திருந்தார்கள்.

மேனேஜர் கத்தவில்லை. "உள்ள வந்தது தப்புதான், இந்தப் பக்கம் நடக்கறதுதான். இவர் முதல் தடவ வந்து கேட்டாரே, அப்ப ஏன் தம்பி பேசல?" என்றார். வெளியே போய்ப் பார்வையாளர் கேட் வழியாக மறுபடி வரட்டுமா என்று மேடத்திடம் கேட்டேன். "வேண்டாம்" என்றார். என் விண்ணப்பத்தைத் தனியாக எடுத்துக் கவிழ்த்து வைத்தார். அவ்வளவுதான் இன்டர்வியூ.

படிக்கட்டுக்குக் கீழே இருந்த ஆரஞ்சு கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டு, செக்யூரிட்டி முன்னால் நடக்க, யார்டைக் கடந்து அவுட் கேட்டுக்குப் போனேன். அண்ணன் டிரைலர் படியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து ஏறி ஸ்டார்ட் செய்தார். நானும் ஏறினேன். இரண்டு என்று டிக் அடித்துக் கேட்டைத் திறந்துவிட்டார்கள்.

அண்ணன் வண்டியை மெயின் ரோட்டில் ஏற்றினார். பிறகு, "போன ஏன்பா ஆப் பண்ண?" என்றார்.

"உள்ள இருந்தேண்ணா."

"உள்ள இருந்தது தெரியும். எடுக்க வேணாம். ஒரு மெசேஜ் தட்டக் கூடாது? லேட்டாவும்னு தெரிஞ்சிருந்தா நான் அப்பவே மணலிக்குச் சொல்லி வேற வண்டிய அனுப்பச் சொல்லி இருப்பேன். இப்போ வருவான், அப்போ வருவான்னு லூசு மாதிரி நின்னுகினு இருந்தேன்."

"சாரிண்ணா."

"வேலை இன்னாச்சு?"

"போச்சுண்ணா."

"எனக்கும் லோடு போச்சு. இன்னிக்கு ரெண்டு பேருக்கும் செம பேஜாரு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எர்ணாவூரில் என்னை இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு பல நாள் அவரைப் படிக்கட்டில் பார்த்தாலே நான் ஒதுங்கிப் போனேன். அவர் எப்போதும்போல, "இன்னா மாமு" என்பார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நான்கு மாதம் கழித்துத் தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன டிரான்ஸ்போர்ட் அலுவலகத்தில் பில் போடும் வேலை கிடைத்தது. சம்பளம் பதிமூன்றாயிரம். அங்கே உட்கார்ந்த பிறகுதான் டிரைவர்களுக்குக் கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்று பார்த்தேன். லோடு ஏற்றி இறக்கினால்தான் ஒரு நடை, அதற்குத்தான் கூலி. நின்ற நேரத்துக்குக் காசு கிடையாது.

முதல் சம்பளம் வாங்கிய ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது மாடிக்குப் போனேன். அண்ணன் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். எண்ணூற்று ஐம்பது ரூபாயை நீட்டினேன். "அன்னிக்குப் போன நடைக்குண்ணா" என்றேன். வேண்டாம் தம்பி, நீ நல்லா இரு என்று தோளில் தட்டுவார் என்று நினைத்திருந்தேன். அவர் வாங்கி எண்ணினார்.

"நடைக்கு எட்நூத்தம்பது, அது சரி. லோடுக்குப் போலன்னு ஆபீசுல பைன் போட்டாங்களே, அது அறுநூறு?"

எனக்கு அந்த அபராத விஷயமே தெரியாது. இத்தனை மாதத்தில் அவர் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. கீழே போய் அறுநூறு ரூபாய் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். அதையும் எண்ணி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இப்போ சரியாப் போச்சு. டீ குடிக்கலாம் வா" என்றார்.

நான் சாரி சொன்னதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் வேலைக்காக இன்னொருவரின் பிழைப்பைத் தெரிந்தே நிறுத்தி வைத்த அந்த நாற்பது நிமிடத்துக்கு ஒரு விலை இருந்தது, ஆயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய்.